ஃபிரிட்ஜ் வாங்கும் முன்னே மெக்கானிக்கைக் கேளுங்க

இந்த வாரம் மஞ்சள் வெட்டைப் பத்தி எழுதறதா இருந்தேன். அது அடுத்த வாரம். இன்னிக்குக் கொஞ்சம் கோபமா எழுத வேண்டியிருக்கு. அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற பிள்ளைங்க இதை அவசியம் படிக்கோணும். என் மகனும் அதுல ஒருத்தன்தான். அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் எழுதறேன்.

எங்க வீட்டுல ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ் ஒண்ணு 19 வருஷம் ஓடுச்சு. நடுவுல ஒரு தடவை ரிலே மாத்தினோம், ஒரு தடவை கதவு ரப்பர் மாத்தினோம். கடைசியில பாடிக்குள்ள போற குழாயில லீக் ஆகி கேஸ் இறங்கிருச்சு. "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்கண்ணா, புதுசு வாங்கிக்கங்க"ன்னு மெக்கானிக் தம்பியே சொல்லிட்டார். ஆக, பழசையே கட்டிக்கிட்டு அழுகிற ஆளு நான் இல்லை. மாத்த வேண்டியதை மாத்தித்தான் ஆகணும்.

மகன்கிட்டச் சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே செல்போன்ல ஆர்டர் போட்டுட்டான். ரெண்டு கதவு, இன்வெர்ட்டர் கம்ப்ரசர், முன்னாடி தொட்டா லைட் எரியற பலகை. விலை 27,000 ரூபாய். நாலாம் நாள் வண்டியில வந்து இறங்குச்சு. ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு.

பதினாலாவது மாசம், சித்திரை வெயில்ல, ஒரு சாயங்காலம் மின்னலோட காத்து அடிச்சுது. கரண்டு போய்த் திரும்பி வந்தப்ப டியூப்லைட் பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சுது. ஃபிரிட்ஜ் அதோட சரி. போர்டு போயிருச்சு.

கம்பெனிக்கு போன் அடிச்சா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொண்ணு குரல். நாளைக்கு ஆள் வரும்னாங்க. அடுத்த நாளும் அதையேதான் சொன்னாங்க. ஆறாம் நாள் ஒரு பையன் வந்து, பின்னாடி மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு, "போர்டு போச்சுங்க, 6,800 ஆகும், கம்பெனியில இருந்து வரணும்"னு சொல்லி, வந்து போன கூலியை வாங்கிட்டுப் போனான். போர்டு வர இன்னும் 11 நாள் ஆச்சு. ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

தயிர் புளிச்சுப்போச்சு, மாவு பொங்கிப்போச்சுன்னா நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கம்மாவுக்கு 78 வயசு. காலையிலயும் ராத்திரியும் இன்சுலின் போடணும். பிரிக்காத மருந்து 2லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். "நாளைக்கு ஆள் வருது, நாளைக்கு ஆள் வருது"ன்னு நம்பி, கதவைத் திறக்காம வச்சா குளிர் நிக்கும்னு நெனச்சு, மூணு நாள் அதுக்குள்ளயே விட்டுட்டேன். அந்த வெக்கையில மூடின ஃபிரிட்ஜும் ஒரு தகரப் பெட்டிதான். அப்புறம்தான் புத்தி வந்து, பானையில ஈர மணல் போட்டு, நடுவுல டப்பாவுல வச்சு நிழல்ல வச்சேன். அதுக்குள்ள மருந்து கெட்டுப்போச்சு போல. அந்த பாட்டிலைப் பிரிச்சுப் போட்ட நாலாம் நாள் அம்மாவுக்கு மயக்கமா வந்து, ஆஸ்பத்திரியில பார்த்தா சுகர் 380. டாக்டரம்மா மருந்தை எங்க வச்சீங்கன்னு கேட்டு, எல்லாத்தையும் தூக்கிப்போடச் சொன்னாங்க. பாதித் தப்பு என் மேல. மீதிப் பாதியைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல அந்த ஸ்டாரு. பிள்ளைங்க அஞ்சு ஸ்டாரைப் பார்த்ததும் நல்ல சாமான்னு முடிவு பண்ணிடறாங்க. ஸ்டார் சொல்றது கரண்டு எவ்வளவு இழுக்கும்ங்கிறதை மட்டும்தான். எத்தனை வருஷம் உழைக்கும், ரிப்பேர் ஆனா சரி பண்ண முடியுமா, இதெல்லாம் அதுல கிடையாது. எங்களை மாதிரி சின்ன வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம். அதுக்கு மேல மிச்சம் பிடிச்ச ஒரு வருஷக் காசு, ஒரே ஒரு போர்டுல போயிருச்சு.

அடுத்தது வாரண்டி. கதவுல பெருசா 10 வருஷம்னு ஒட்டியிருக்கும். கீழ பொடி எழுத்தைப் படிச்சா அது கம்ப்ரசருக்கு மட்டும். மீதிக்கெல்லாம் ஒரு வருஷம். கம்ப்ரசர் அவ்வளவு சீக்கிரம் போறதில்லை. போறது போர்டு. எது போகாதோ அதுக்கு 10 வருஷம் கொடுக்கிறவனைக் கெட்டிக்காரன்னுதான் சொல்லோணும்.

மூணாவது கரண்டு. உங்க அபார்ட்மென்ட்ல 230 வோல்ட் அப்படியே நிக்கும். எங்க வீடு டிரான்ஸ்பார்மருக்குக் கடைசிக் கம்பம். மூணு பேஸ் வந்து எல்லாப் பம்புசெட்டும் ஓடறப்ப 170க்கு இறங்கும். காத்துல நியூட்ரல் கம்பி அறுந்தா 400 வரைக்கும்கூட ஏறும். பழைய ஃபிரிட்ஜ் அதையெல்லாம் தாங்குச்சு. தாங்காட்டியும் நூறு இருநூறு ரூபாய் ரிலேவோட போகும். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை'ன்னு எழுதி விக்கிறாங்களே, அது குறைஞ்ச வோல்டேஜுக்குச் சரி. நியூட்ரல் போனா அந்த எழுத்து வந்து காப்பாத்தாது.

"அப்போ பழைய காலத்துக்கே போகச் சொல்றீங்களா மாமா?"ன்னு அக்கா மகன் கேட்டான். இல்லை சாமி. எங்க வீட்டுலயே ரெண்டு பிஎல்டிசி ஃபேன் ஓடுது. சாதா ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்துல இது 30 வாட்தான். வோல்டேஜ் குறைஞ்சாலும் வேகம் குறையறதில்லை. அதுலயும் போர்டுதான் இருக்கு. ஆனா அது போனா கழட்டிப் பையில போட்டுக் கோபிக்கு எடுத்துட்டுப் போயிடலாம், ஒரு ராத்திரி வேர்க்கும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் அப்படியா? எது நின்னா வீடே நிக்குமோ, அதை மட்டும் சுத்துவட்டாரத்துல பிரிச்சுப் பார்க்க ஆள் இருக்கிற மாதிரி வாங்குங்கன்னுதான் சொல்றேன்.

கிரைண்டரைப் பாருங்க. 1955ல கோயமுத்தூர் சபாபதி கண்டுபிடிச்ச சாமான். இன்னிக்கு அதுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. எங்க வீட்டுக் கிரைண்டர் 1998ல வாங்கினது. பெல்ட் போனா மாத்தறோம், கல்லு மழுங்கினா கொத்திக்கிறோம், மோட்டார் எரிஞ்சா காயில் கட்டறோம். நம்மூர்க்காரன் செஞ்சதுன்னு பெருமைக்குச் சொல்லலை. திறந்து பார்க்கிற மாதிரி செஞ்சான், அதனால ஓடுது.

கம்பெனிக்காரன் மனசு வச்சா இன்னிக்கும் முடியும். ஐரோப்பாவுல 2021 மார்ச் மாசத்துல இருந்து ஒரு சட்டம் இருக்கு. ஒரு ஃபிரிட்ஜ் மாடலை விக்கிறதை நிறுத்தினாலும், தெர்மோஸ்டாட், சென்சார், போர்டு எல்லாம் குறைஞ்சது 7 வருஷத்துக்கு ரிப்பேர்காரங்களுக்குக் கிடைக்கணும். நம்ம மத்திய அரசும் 2022ல 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டுச்சு, இணையதளமும் திறந்துச்சு. நல்லதுதான். ஆனா கட்டாயம்னு சட்டம் வராத வரைக்கும் எங்க ஊர் தம்பி கையில அந்த போர்டு வந்து சேராது.

அதுவரைக்கும் நான் சொல்றதைச் செய்யுங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்க. மூணே கேள்வி. உங்க கடைக்கு எந்தச் சாமான், என்ன கோளாறோட அதிகமா வருது? இதுக்கு ஸ்பேர் ஈரோட்டுலயோ கோயமுத்தூர்லயோ கடையில கிடைக்குமா, கம்பெனிதான் கொடுக்கணுமா? உங்க வீட்டுல என்ன வச்சிருக்கீங்க? மூணாவது கேள்விக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.

ஃபிரிட்ஜுன்னா, திருகற தெர்மோஸ்டாட் இருக்கிற ஒத்தைக் கதவு எங்களுக்குப் போதும். வோல்டேஜ் ஏறினா கரண்டை வெட்டி விடற ஸ்டெபிலைசரும் எர்த்தும் போட்டுக்கொடுங்க. துணி துவைக்கிற மெஷின்னா, போர்வெல் உப்புத் தண்ணியும் தொட்டி உயரமும் கேட்டுட்டு வாங்குங்க. எங்களுக்கு செமி ஆட்டோமேட்டிக்கே சரியா இருக்கு. மிக்ஸின்னா, கப்ளரும் கார்பனும் பக்கத்துக் கடையில தொங்குதான்னு பாருங்க. முக்கியமா, அதை ஓட்டப்போற ஆளுகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. எங்களுக்கு விவரம் தெரியாதுன்னு நெனச்சு நீங்களே முடிவு பண்ணி அனுப்பாதீங்க.

அந்த ரெண்டு கதவு ஃபிரிட்ஜுக்குப் போர்டு போட்டு, மகனே அடுத்த தடவை வந்தப்போ பெங்களூருக்கு எடுத்துட்டுப் போயிட்டான். அங்க நல்லா ஓடுதாம். ஓடட்டும். எங்க வீட்டுக்கு மெக்கானிக் தம்பி காட்டின ஒத்தைக் கதவு ஒண்ணு கோபியில வாங்கினோம், ஸ்டெபிலைசரோட. அதுல முட்டைத் தட்டுக்குப் பக்கத்துல அம்மா மருந்து இருக்கு. பானையையும் எடுத்து வைக்கலை. மணல் நனைஞ்சிருக்கான்னு தினமும் பார்த்துக்கிறேன்.