கோப்பைக்குப் பின்னால் ஒரு கூலிக்காரன்

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷுக்கு ஒயின் சுவைக்கச் சுற்றுலாத் திட்டம் தீட்டுகிறார்கள் சீமான்கள். எந்தப் பண்ணை, எந்த விடுதி, எந்த ஒயின் என்று பட்டியல் நீள்கிறது. பழம் பறித்த கைக்கு அதில் இடமுண்டா? இல்லை!

அந்த மேற்குக் கேப் மாநிலத்தில், கூலியின் ஒரு பகுதியாக மதுவையே ஊற்றினர் பண்ணை முதலாளிகள். ‘டாப்’ முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்த பின்னும் நீடித்தது அக்கொடுமை. குடித்தவன் மெலிந்தான், கொடுத்தவன் கொழுத்தான்!

2012 நவம்பரில், அதே மாநிலத்து டி டோர்ன்ஸ் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் பொங்கி எழுந்தனர். நாட்கூலி 150 ராண்டு கேட்டுப் போராடினர். 69 ராண்டாக இருந்த குறைந்தபட்சக் கூலி, 2013 மார்ச்சில் 105 ஆயிற்று. கேட்டது முழுதும் கிட்டவில்லை. கேளாதிருந்தால் அதுவும் கிட்டியிராது!

போகிறவர் போகட்டும், தோழர்களே! கோப்பையைத் தொடுமுன், “பறித்தவருக்கு என்ன கூலி?” என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் பண்ணையின் மது இனிக்குமா?