அணைத்தால் கெட்டுவிடுமாம்!

“ஆஃப் பண்ணாதீங்கண்ணே, ஆன் பண்ணி ஆஃப் பண்ணித்தான் போர்டு போகுது. அது பாட்டுக்கு ஓடட்டும்.” மதுரையில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. சர்வீஸுக்கு வருகிற தம்பி சொல்வார், டி.டி.பி. கடைக்காரர் சொல்வார், கம்ப்யூட்டரே இல்லாத பெரியப்பாவும் சொல்வார். கேட்டவர் அன்றிரவு முதல் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, மேசைக்கு அடியில் பெட்டியை உறுமவிட்டுப் படுத்துக்கொள்கிறார். காலையில் அது கெடாமல் இருப்பதைப் பார்த்ததும் அறிவுரை மெய்யாகிவிடுகிறது. பக்கத்து வீட்டில் தினமும் அணைக்கப்படும் கம்ப்யூட்டரும் கெடாமல்தான் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது பச்சைப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும். ஒரு காலத்தில், வேறொரு வகை இயந்திரத்துக்கு, இது சரியாகவே இருந்தது. தாத்தாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டைப் பேரனுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

தாத்தாவின் பெயர் எனியாக். 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட கணினி. உள்ளே 17,468 வால்வுகள். பழைய வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போட்டவுடன் பாடாது. உள்ளிருக்கும் இழை சூடேற வேண்டும். அப்படிச் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் வால்வுகள் அதிகம் போயின. அதனால் எனியாக்கை இயக்கியவர்கள் முடிந்தவரை அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். நல்ல முடிவுதான். உங்கள் கம்ப்யூட்டரில் வால்வு இல்லை.

அடுத்து ஹார்ட் டிஸ்க். பழைய டிஸ்க்குகளில், ஓட்டம் நின்றதும் படிக்கும் முனை தட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். மறுபடி சுழலும்போது உரசிக்கொண்டுதான் எழும். சிலவற்றில் முனை தட்டோடு ஒட்டிக்கொண்டு சுழலவே மறுத்ததும் உண்டு. 1990இல் அப்படியொரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு அணைக்கப் பயந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் வந்த டெஸ்க்டாப் டிஸ்க்குகள் 50,000 முறை நின்று ஓடத் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். முனையைத் தட்டுக்கு வெளியே ஒரு சரிவில் ஏற்றி நிறுத்தும் முறை வந்தபின் அது 3,00,000 ஆனது. நாளுக்குப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் 50,000ஐத் தொட 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி. போட்ட பெட்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அதில் சுழல எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பின் கையில் இரண்டு வலுவான சான்றுகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது அழகல்ல.

முதலாவது, 2007இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு. தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். மூன்று வயதைத் தாண்டிய டிஸ்க்குகளில், அதிக முறை அணைத்துப் போடப்பட்டவை சற்றுக் கூடுதலாகவே கெட்டிருந்தன. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். “பார்த்தீர்களா!” என்று எழுந்துவிட வேண்டாம். கூகுளின் சர்வர்கள் இரவு பகலாக ஓடுபவை. அங்கே ஒரு பெட்டி அடிக்கடி அணைக்கப்படுகிறது என்றால் பெரும்பாலும் அது ஏற்கெனவே தகராறு செய்து ரிப்பேருக்குப் போய்வருகிறது என்று பொருள். ஆய்வு செய்தவர்களே இந்தச் சந்தேகத்தை எழுதியிருக்கிறார்கள். இளைய டிஸ்க்குகளில் அந்தத் தொடர்பு தென்படவே இல்லை.

இரண்டாவது, 2008இல் என்விடியா நிறுவனத்துக்கு வந்த தலைவலி. அவர்களுடைய சில லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து பற்றவைப்புப் புள்ளிகள் விரிசல் விட்டன. நிறுவனம் கோடிக்கணக்கான டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆக, சூடாகி ஆறுவது தேய்மானம் தரும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு சூட்டிலிருந்து எவ்வளவு குளிருக்கு என்று கேட்க வேண்டும். சும்மா இருக்கும் பிராசசர் 45 டிகிரியில் இருக்கும். பெரிய ஃபிளெக்ஸ் டிசைன் ஒன்றைத் திறந்தால் 75ஐத் தொட்டு, மூடினால் இறங்கிவிடும். அணைக்காமல் வைத்திருக்கும் கடையிலும் இந்த ஏற்ற இறக்கம் பகல் முழுக்க நடக்கிறது. மதுரையில் மே மாத இரவில் அறையே 33, 34 டிகிரி. அணைத்துவிட்டால் 45இலிருந்து 34க்கு இறங்கும், அவ்வளவுதான். பத்து டிகிரிக் குளிரில் கம்ப்யூட்டரைத் திறக்கும் ஊர்க்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட்டால் சற்றாவது அர்த்தம் உண்டு. மதுரைக் காளவாசல்காரருக்கு எதற்கு இந்தக் கவலை?

நமக்கு வேறு கவலை இருக்க வேண்டும். சூடு மாறுவதைவிட, நம் ஊரில் சூடு நீங்காமல் இருப்பதுதான் எமன்.

மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளையிலும் சின்ன டப்பாக்கள்போல நிற்கும் மின்தேக்கிகளைப் பாருங்கள். உள்ளே திரவம் இருக்கிறது; சூட்டில் மெல்ல உலர்கிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி, பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அச்சிட்ட மின்தேக்கி 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். ஓயாமல் ஓடினால் அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். நாளுக்குப் பத்து மணி நேரம் மட்டும் ஓடினால் எட்டரை ஆண்டுக்கு மேல். தலைப்பகுதி உப்பிய மின்தேக்கியைக் காட்டி “அடிக்கடி ஆஃப் பண்ணிருக்கீங்க” என்று கடைக்காரர் சொன்னால், அவர் குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைப் பிடித்திருக்கிறார்.

விசிறிக்கும் இதே கதைதான். இரவெல்லாம் சுற்றும் விசிறி இரவெல்லாம் தூசியை இழுக்கிறது. வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் இந்த ஊர்ப் புழுதி எப்படியிருக்கும் என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெதுவெதுப்பான பெட்டியைத் தேடிவரும் எறும்பையும் பல்லியையும் பற்றி சர்வீஸ் தம்பிகளிடம் கேளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பல்லிக் கதை இருக்கும்.

சரி, “ஆன் பண்ணும்போது குபீர்னு கரண்ட் பாயுமே?” இதுதான் அவர்களுடைய கடைசி ஆயுதம். பாயும். ஆனால் எப்போது? விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்துவிட்டுச் சுவர் சுவிட்சைப் போட்டபடியே விட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முன்பாதி விழித்தே இருக்கும். அதன் பெரிய மின்தேக்கி நிறைந்தே இருக்கும். காலையில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது அந்தக் ‘குபீர்’ வருவதில்லை. சுவர் சுவிட்சைப் போடும்போது வரும். கரண்ட் போய்த் திரும்பும்போதும் வரும். முதலாவதைத் தாங்கத்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் தனியாக ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வேறு மாதிரி. போன கரண்ட் வரும்போது ஒரே சீராக வருமா, ஏறி இறங்கி வருமா, வந்த கையோடு மறுபடி போகுமா என்று யாரும் சொல்ல முடியாது.

அணைக்காதவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். நீங்கள் அணைக்காவிட்டால் மின்வாரியம் அணைக்கும். அரசரடி, அனுப்பானடி, ஆனையூர் என்று துணை மின்நிலையம் வாரியாகப் பராமரிப்பு நாளைப் பேப்பரில் போடுகிறார்கள். அது ஒழுங்கான வெட்டு, முந்தைய நாளே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போவதைப் பேப்பரில் போட முடியாது. யு.பி.எஸ். கால் மணி நேரம் கத்தும். பூட்டிய கடையில் கேட்க ஆளில்லை. பேட்டரி தீர்ந்ததும் பெட்டி தலைகுப்புற விழும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். கரண்ட் வந்ததும் யு.பி.எஸ். பேட்டரி காலியிலிருந்து ஏறத் தொடங்கும். இதை நாலு இரவு செய்தால் அந்தப் பேட்டரிக்கு என்ன ஆகும் என்று கடைக்காரரே சொல்வார், புதுசு விற்றுக்கொண்டே.

அணைப்பதே கம்ப்யூட்டரைக் கொல்லும் என்றால் 2012இல் மதுரையில் ஒரு டெஸ்க்டாப்பும் மிஞ்சியிருக்கக் கூடாது. அப்போது தென்மாவட்டங்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. பிரவுசிங் சென்டரும் ஸ்டூடியோவும் ஜாதகம் பிரிண்ட் போடும் கடையும் ஒரு நாளில் எத்தனை தடவை அணைத்துப் போட்டிருப்பார்கள்! அதுவும் பொத்தானை அழுத்தி முறையாக அணைத்ததில்லை, வெடுக்கென்று போனது. அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த பெட்டிகள் அதன் பிறகும் வருடக்கணக்கில் ஓடின. இதைக் கண்ணால் பார்த்த ஊரே இன்னும் அணைக்கப் பயப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி பில். சும்மா ஓடும் ஒரு சாதாரண டெஸ்க்டாப், மானிட்டர் அணைந்த நிலையில், 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை பூட்டியிருக்கும் 14 மணி நேரத்துக்கு 0.84 யூனிட். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். கடை இணைப்பில் யூனிட் பத்து ரூபாயைச் சுற்றி நிற்கிறது. மூன்று பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர் யாருமில்லாத கடைக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் கட்டுகிறார். வீட்டுக்காரர் கதை இன்னும் தந்திரமானது. முதல் 100 யூனிட் இலவசம் என்ற நிம்மதியில் இருப்பார். இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால் விகிதமே வேறு. 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 470இல் நிற்க வேண்டிய வீட்டை 500க்கு அந்தப் பக்கம் தள்ள அந்த 50 யூனிட் போதும். பழியோ ஏ.சி.மேல் விழும். கமுதி சோலார் பண்ணை எவ்வளவு பெரியதானாலும் ராத்திரி அது உதவாது. தூத்துக்குடியில் நிலக்கரி எரித்துத்தான் உங்கள் காலிக் கடைப் பெட்டியும் ஓடுகிறது. மதுரைக்குத் தூங்கா நகரம் என்ற பேரை மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகளும் புரோட்டாக் கடை மாஸ்டர்களும் வேலை செய்து சம்பாதித்தார்கள். வேலையில்லாமல் விழித்திருக்கும் பெட்டிக்கு அதில் பங்கில்லை.

“அப்ப ஸ்லீப்ல போட்டுறலாம்ல?” சாப்பிடப் போகும்போது, டீ குடிக்கப் போகும்போது, தாராளமாக. ஸ்லீப்பில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும். இரண்டு மூன்று வாட்தான். விசிறி நின்றுவிடும், திரும்பி வந்து விசையைத் தட்டினால் விட்ட இடத்தில் வேலை. ஆனால் அந்த இரண்டு வாட்டும் நின்றுபோனால் சேமிக்காத வேலை போச்சு. சில பெட்டிகள் முன்னெச்சரிக்கையாக டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதி வைக்கும், எல்லாம் அப்படியில்லை. அதனால் ஸ்லீப் நம் ஊரில் பகலுக்குத்தான். இரவுக்கு ஹைபர்னேட். திறந்திருக்கும் வேலை முழுவதையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுப் பெட்டி முழுக்க அணையும். ராத்திரி கரண்ட் போனாலும் வந்தாலும் கவலையில்லை. விண்டோஸில் இதை மெனுவில் காட்டாமல் வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷனுக்குள் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் டிக் போட வேண்டும். தினமும் எழுதினால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமே என்று உடனே அடுத்த பயத்தைக் கிளப்புவார்கள். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதலாம் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தருகிறார். நாளுக்குப் பத்து ஜி.பி. எழுதினால் 80 ஆண்டுக்கு வரும்.

வாரத்தில் ஒரு நாள் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் போதாதா என்றால், போதாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் கொடுத்தாலும் உள்மையப் பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துப் போடும் வழக்கம் வந்துவிட்டது. “தினமும் ஆஃப் பண்றேன், இருந்தும் ஸ்லோவா இருக்கு” என்பவர்களுக்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

அணைக்கக் கூடாத பெட்டிகளும் உண்டு. கேமராப் பதிவுப் பெட்டி, மருத்துவமனை சர்வர், ராத்திரியில் பேக்கப் எடுக்கும் அலுவலகக் கணினி. இவற்றுக்கு இரவில் வேலை இருக்கிறது. அதற்குத் தக்க யு.பி.எஸ்.ஸும் குளிரூட்டமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க வேண்டும். “பேங்க்ல அணைக்கிறதே இல்ல” என்று சர்வர் அறையைக் காட்டி உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வாதாடுகிறவரிடம், இந்த மூன்றில் எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. சித்திரை வெயிலுக்குப் பின்னால் வருகிற கோடை மழையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி விழும் இரவுகளில் ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன் மூன்றும் ஒன்றுதான், எதுவும் காப்பாற்றாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோடத்துக்கு வரும் பிராட்பேண்ட் வயரையும் சேர்த்துத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த வயரை விட்டவர்களின் போர்டுகளும் சர்வீஸ் கடை மேசையில் கிடக்கின்றன.