கடைசியாக வந்தவரே முதலில் வெளியேற வேண்டுமா? அமெரிக்க ஆசிரியர்களின் சேவை மூப்பும் மீள அழைக்கும் உரிமையும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் 15 ஆம் திகதி நெருங்கும்போது ஆசிரியர் சமூகத்தில் ஒருவித கலக்கம் ஏற்படுவது வழக்கம். எதிர்வரும் கல்வியாண்டில் சேவை தேவைப்படாமற் போகலாம் என்ற முன்னறிவித்தலை, ஆட்குறைப்புச் செய்ய எண்ணும் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் அத்திகதிக்குள் சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் சேர்ப்பித்துவிட வேண்டும் என்பது அம்மாநிலக் கல்விச் சட்டக்கோவையின் நிபந்தனையாகும். அறிவித்தலைப் பெற்றவர் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் விசாரணை கோரலாம். இறுதி முடிவு மே 15 ஆம் திகதிக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்தல் பெற்றோர் அனைவரும் வேலையை இழப்பதில்லை. எனினும் இரண்டு மாதங்களுக்கு அவர்களது எதிர்காலம் கேள்விக்குறியாகவே இருக்கும்.

இவ்விவகாரம் அண்மைக் காலத்தில் மீண்டும் சூடுபிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. கொவிட் பெருந்தொற்றையடுத்து அமெரிக்கக் கூட்டாட்சி அரசாங்கம் பாடசாலைகளுக்கு மூன்று கட்டங்களாகச் சுமார் 190 பில்லியன் டொலரை அவசர நிதியாக வழங்கியது. அதன் இறுதிப் பகுதிக்கான செலவினங்களைத் தீர்மானிப்பதற்கான காலக்கெடு 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. மறுபுறத்தில் பிறப்பு வீதம் குறைந்து, பல நகரங்களில் மாணவர் தொகையும் சரிந்துள்ளது. மாணவர் வருகையைக் கொண்டு நிதி கணக்கிடப்படும் இடங்களில் வகுப்பறை காலியானால் வருமானமும் குறையும். எனவே யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்ற பழைய வினா மீண்டும் எழுந்துள்ளது.

நமது நாட்டில் ஆசிரியர் அரசாங்க ஊழியர். சேவை மூப்பு என்றதும் இங்கு நினைவுக்கு வருபவை இடமாற்றமும் பதவியுயர்வுமே. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு பெரும்பாலான அரச பாடசாலைகளை நிர்வகிப்பவை உள்ளூர்க் கல்வி மாவட்டங்கள். ஆசிரியரின் தொழில் தருநரும் அவையே. உள்ளூர் ஆதன வரியும் மாநில அரசின் மானியமும் அவற்றின் பிரதான வருமான மூலங்கள். வருமானம் வீழ்ந்தால் ஆசிரியர் எண்ணிக்கையில் கைவைப்பதைத் தவிர வேறு வழி அவற்றுக்கு அரிது. ஏனெனில் செலவின் மிகப்பெரும் பகுதி சம்பளமும் அதனோடிணைந்த கொடுப்பனவுகளுமே.

ஆட்குறைப்பின் ஒழுங்கை மாநிலச் சட்டமோ தொழிற்சங்கத்துடனான கூட்டு உடன்படிக்கையோ நிர்ணயிக்கின்றது. நீண்டகாலமாகப் பரவலாகப் பின்பற்றப்பட்ட விதி, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவது என்பதாகும். கலிபோர்னியச் சட்டத்தின்படி, நிரந்தர ஆசிரியர் ஒருவர் கற்பிக்கத் தகுதி பெற்றுள்ள பணியில் அவரிலும் சேவை மூப்புக் குறைந்த ஒருவரை வைத்துக்கொண்டு அவரை நிறுத்த முடியாது. தகுதிகாண் நிலையில் ஊதியத்துடன் பணியாற்றிய முதல் நாளிலிருந்தே சேவை மூப்புக் கணக்கிடப்படுகின்றது. ஒரே நாளில் பணியேற்றவர்களாயின், மாவட்டத்தினதும் மாணவரினதும் தேவைகளை அடிப்படையாகக் கொண்டு வரிசை தீர்மானிக்கப்படும்.

இவ்விதியின் சங்கிலி விளைவையும் கவனிக்க வேண்டும். ஒரு பாடசாலையில் பணியிடம் ஒழிக்கப்பட்டால் அங்குள்ள மூத்த ஆசிரியர் வீட்டுக்குப் போவதில்லை. தான் கற்பிக்கத் தகுதியுள்ள பாடத்தில், மாவட்டத்தின் வேறொரு பாடசாலையிலுள்ள இளையவரின் இடத்துக்கு அவர் செல்கின்றார். அந்த இளையவர் தன்னிலும் இளையவரை நகர்த்துகின்றார். ஈற்றில் வேலையிழப்பவர், பணியிடம் ஒழிக்கப்பட்ட பாடசாலையுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாதவராக இருக்கக்கூடும்.

இதன் மறுபக்கமே மீள அழைக்கும் உரிமை. ஆட்குறைப்புக்குள்ளான ஆசிரியர் குற்றமிழைத்தவர் அல்லர். திறமையற்றவர் என நிரூபிக்கப்பட்டவரும் அல்லர். பணமோ மாணவரோ குறைந்ததனாலேயே அவர் வெளியே நிற்கின்றார். ஆகவே பணியிடம் மீண்டும் உருவாகும்போது புதியவரைத் தேடுவதற்கு முன் அவரை அழைக்க வேண்டும் என்பதே இவ்வுரிமையின் தத்துவம். வெளியேற்றத்தில் இளையவர் முதலில் செல்வது போல, மீள அழைப்பில் மூத்தவர் முதலில் வருகின்றார். கலிபோர்னியாவில் நிரந்தர ஆசிரியருக்கு இவ்வுரிமை 39 மாதங்களுக்கும், தகுதிகாண் நிலையிலுள்ளவருக்கு 24 மாதங்களுக்கும் நீடிக்கும். திரும்பி வருபவரின் இடைக்காலம் விடுமுறையாகவே கருதப்படும். சேவைத் தொடர்ச்சி முறிவதில்லை. காத்திருக்கும் காலத்தில் பதிலீட்டு ஆசிரியப் பணியிலும் அவருக்கு முன்னுரிமை உண்டு. நிரந்தர ஆசிரியராக இருந்த ஒருவர் 60 பாடசாலை நாட்களுக்குள் 21 நாட்களோ அதற்கு மேலோ அவ்வாறு பணியாற்றினால், மீள நியமிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்திலும் குறைவாக அவருக்கு வழங்க முடியாது.

சேவை மூப்பு விதியை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதல்ல. நியமனத் திகதி என்பது எவராலும் திருத்த முடியாத ஒன்று. அதிபரின் விருப்பு வெறுப்புக்கோ அரசியல் செல்வாக்குக்கோ அதில் இடமில்லை. இவ்வேலி இல்லையேல் நிதி நெருக்கடியில் சிக்கிய நிர்வாகம், சம்பளம் கூடிய மூத்தவர்களையே முதலில் அனுப்பத் தூண்டப்படும். தொழிற்சங்கத்தில் குரல் கொடுப்போரும் இலக்காகலாம். இருபது ஆண்டுகள் கற்பித்த ஒருவரை ஐம்பது வயதில் வீதியில் விடுவது, அத்தொழிலுக்கு வர எண்ணும் இளைஞருக்கும் தவறான செய்தியையே வழங்கும்.

எனினும் எதிர்த்தரப்பு வாதத்துக்கும் வலுவுண்டு. முதலாவது, கணக்கு. உதாரணமாக ஒரு மாவட்டம் 10 இலட்சம் டொலரைச் சேமிக்க வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஆண்டுக்கு ஓர் இலட்சம் டொலர் பெறும் மூத்தவர்களாயின் பத்துப் பேர் போதும். ஐம்பதாயிரம் பெறும் இளையவர்களாயின் இருபது பேரை அனுப்ப வேண்டும். அதாவது, மூப்பு விதி ஒரே தொகையைச் சேமிக்க அதிகமானோரை வெளியேற்றுகின்றது. வகுப்பறைகளில் நெருக்கமும் அதிகரிக்கின்றது.

இரண்டாவது, அதனிலும் பாரதூரமானது. மூத்த ஆசிரியர்கள் காலப்போக்கில் வசதியான பகுதிகளிலுள்ள பாடசாலைகளுக்கு நகர்கின்றனர். வறிய பகுதிகளில் புதியவர்களே நிறைந்திருக்கின்றனர். ஆகவே மாவட்டம் முழுவதற்கும் சமமாகப் பொருந்தும் ஒரு விதி, வறிய பாடசாலைகளின் மீது மட்டும் இடியாக இறங்குகின்றது. 2009 ஆம் ஆண்டு ஆட்குறைப்பின்போது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மூன்று இடைநிலைப் பாடசாலைகளில் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறிவித்தலைப் பெற்றனர். பதிலீட்டு ஆசிரியர்கள் மாறி மாறி வந்துபோன வகுப்புகளில் மாணவர்கள் கற்க நேர்ந்தது. அம்மாணவர்கள் சார்பில் அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் 2010 இல் வழக்குத் தொடர்ந்தது. 45 பாடசாலைகள் வரை ஆட்குறைப்பிலிருந்து பாதுகாக்கும் இணக்கப்பாட்டுக்கு 2011 இல் நீதிமன்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் தமது உறுப்பினரின் உரிமை குறித்து உரியவாறு விசாரிக்கப்படவில்லை என்ற ஆசிரியர் சங்கத்தின் வாதத்தை ஏற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் அதனை இரத்துச் செய்தது. 2014 இல் எட்டப்பட்ட புதிய இணக்கப்பாடு 37 பாடசாலைகளுக்கு மேலதிக நிதியும் ஆளணியும் வழங்குவதை மையமாகக் கொண்டிருந்தது.

இதனிடையே ஒன்பது மாணவர்களின் பெயரில், வர்த்தகர் டேவிட் வெல்ச் நிறுவிய அமைப்பொன்றின் ஆதரவுடன் 2012 இல் தொடரப்பட்ட வேர்கரா வழக்கு நாடு தழுவிய கவனத்தை ஈர்த்தது. நிரந்தர நியமனம், பணிநீக்கம், சேவை மூப்பு ஆகியன தொடர்பான ஐந்து சட்டப் பிரிவுகளும் மாநில அரசியலமைப்புக்கு முரணானவை என 2014 ஜூனில் நீதிபதி றொல்வ் ட்ரூ தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. திறமை குறைந்த ஆசிரியர்கள் வறிய பாடசாலைகளில் குவிவதற்கு அச்சட்டங்களே காரணம் என நிரூபிக்கப்படவில்லை என்பதும், யாரை எங்கு நியமிப்பது என்ற நிர்வாக முடிவுகளும் அதற்குக் காரணமாகலாம் என்பதும் அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அவ்வாண்டு ஓகஸ்டில் மாநில உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற வாக்குகளால் மேலதிக விசாரணையை மறுத்தது.

வேறு மாநிலங்கள் சட்டமாற்றத்தின் வழியில் சென்றன. இலினோய்ஸ் 2011 இல் ஆசிரியர்களை மதிப்பீட்டுப் பெறுபேற்றின்படி நான்கு குழுக்களாக வகுத்து, குழுவுக்குள் மட்டும் மூப்பைக் கவனிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மிச்சிகன் அதே ஆண்டில், ஆட்குறைப்பில் சேவை மூப்பைப் பிரதான காரணியாகக் கொள்வதையே தடைசெய்தது. அவ்விடயம் குறித்துச் சங்கங்கள் பேரம் பேசுவதையும் விலக்கியது. ஆயினும் 2023 இல் அம்மாநிலம் பேரம்பேசும் உரிமையை மீள வழங்கியது. மதிப்பீட்டை நம்புவதிலுள்ள சிக்கல் வெளிப்படையானது. பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படும் ஆசிரியர் தரம் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. அதிபரின் அவதானிப்போ ஆளுக்காள் வேறுபடும். அளவுகோல் ஆடினால் அதனைக் கொண்டு ஒருவரின் வாழ்வாதாரத்தை அளப்பது எவ்வாறு நியாயமாகும்?

இன நீதியும் இவ்விடயத்துடன் பின்னிப் பிணைந்துள்ளது. பல மாவட்டங்களில் கறுப்பின ஆசிரியர்கள் காலம் தாழ்த்தியே பணியில் சேர்க்கப்பட்டதனால், மூப்பு விதியின்கீழ் அவர்களே முதலில் வெளியேறும் நிலை தோன்றியது. மிச்சிகனின் ஜாக்சன் நகரில் கூட்டு உடன்படிக்கை இதற்குப் பரிகாரம் காண முயன்றது. வெளியேற்றப்படும் சிறுபான்மையினரின் விகிதம் சேவையிலுள்ள அவர்களது விகிதத்தை விஞ்சக்கூடாது என அது கூறியது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1986 இல், விகண்ட் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவ்வேற்பாட்டைச் செல்லாததாக்கியது. நியூ ஜேர்சியின் பிஸ்கட்டவேயில் 1989 இல், ஒரே நாளில் நியமனம் பெற்ற இரு ஆசிரியைகளில் ஒருவரை நிறுத்த வேண்டியேற்பட்டது. வழமையான திருவுளச்சீட்டைக் கைவிட்டு, கறுப்பின ஆசிரியையை வைத்துக்கொண்ட சபையின் முடிவைக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996 இல் நிராகரித்தது. உயர் நீதிமன்றம் விசாரிக்குமுன் 1997 இல் அவ்வழக்குச் சமரசத்தில் முடிந்தது. வெளியேற்றப்பட்டவர் அதற்கு முன்னரே மீள நியமனம் பெற்றிருந்தார். மினியாபொலிஸ் நகரில் 2022 வேலைநிறுத்தத்தின் பின் ஏற்பட்ட உடன்படிக்கையில், ஆசிரியர் தொகையில் குறைந்தளவு பிரதிநிதித்துவம் பெற்ற சமூகத்தினரை மூப்பு வரிசையிலிருந்து விலக்கிப் பாதுகாக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டபோதும் அதே சர்ச்சை வெடித்தது.

ஆனால் ஊடகங்களின் வெளிச்சம் பெரும்பாலும் வெளியேற்றத்தின் மீதே விழுகின்றது. திரும்பி வரும் உரிமை எவ்வளவு பலவீனமானது என்பதை இரு நகரங்களின் அனுபவம் காட்டுகின்றது. சிக்காகோவில் 2010 இல் சுமார் 1,300 ஆசிரியர்கள் நிறுத்தப்பட்டனர். கூட்டாட்சி நிதி கிடைத்ததும் ஒரு பகுதியினர் மீள அழைக்கப்பட்டனர். ஏனையோருக்காகச் சங்கம் நீதிமன்றம் சென்றது. சிக்காகோவின் நிரந்தர ஆசிரியருக்கு மீள நியமனம் பெறும் உரிமையை மாநிலச் சட்டம் வழங்கவில்லை என இலினோய்ஸ் உயர் நீதிமன்றம் 2012 இல் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தின் பிற மாவட்டங்களிலுள்ள ஆசிரியர்களுக்குச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு செப்டெம்பரில் சிக்காகோ ஆசிரியர்கள் மேற்கொண்ட வேலைநிறுத்தத்தில் மீள அழைப்பும் ஒரு பிரதான கோரிக்கையாக இருந்ததில் வியப்பில்லை.

நியூ ஓர்லியன்ஸ் நகரின் கதை இன்னும் வேதனையானது. 2005 ஓகஸ்டில் கத்ரினா சூறாவளி நகரை மூழ்கடித்தது. அவ்வாண்டு நவம்பரில் மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளைத் தன் பொறுப்பில் எடுத்தது. பெரும்பாலும் கறுப்பினத்தவரான ஆசிரியர்களும் ஏனைய ஊழியர்களுமாகச் சுமார் 7,500 பேர் வேலையிழந்தனர். ஆட்குறைப்புக்குள்ளானோரின் பட்டியலைப் பேணி இரண்டு ஆண்டுகளுக்கு அவர்களுக்கு முன்னுரிமை வழங்க வேண்டும் எனச் சட்டம் கூறியது. பாடசாலைகள் புதிய நிர்வாகங்களின்கீழ் மீளத் திறந்தன, புதியவர்கள் நியமிக்கப்பட்டனர். முதல் இரண்டு நீதிமன்றங்களும் ஊழியர் பக்கம் நின்றன. எனினும் லூசியானா உயர் நீதிமன்றம் 2014 ஒக்டோபரில் அத்தீர்ப்புகளை மாற்றியது. முன்னைய வழக்குகளின் இணக்கப்பாட்டில் இப்பிரச்சினை ஏற்கனவே தீர்க்கப்பட்டுவிட்டது என்பது அதன் முடிவு. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2015 இல் தலையிட மறுத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு எஞ்சியது எதுவுமில்லை.

இவ்வனுபவங்களிலிருந்து பெறப்படும் முடிவு யாது? சேவை மூப்பு விதி ஆசிரியர் தரத்தை அளக்கும் கருவியன்று. அது அதிகாரத்தின் தன்னிச்சையைக் கட்டுப்படுத்தும் வேலி மட்டுமே. அவ்வேலியைப் பிடுங்கியெறிவதனால் வறிய பாடசாலைகளுக்கு விமோசனம் கிட்டிவிடாது. அனுபவமிக்கோரை அப்பாடசாலைகளில் தக்கவைக்கும் சம்பளமும் வசதியும் நிர்வாக ஆதரவும் வழங்கப்பட்டிருந்தால், ஆட்குறைப்பின் சுமையும் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஓரளவேனும் சமமாகப் பகிரப்பட்டிருக்கும். கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குப் புதிய நியமனம் பெற்றோரையே அனுப்பிப் பழகிய நமது நாட்டுக்கும் இவ்வுண்மை அந்நியமானதல்ல.

அதேவேளை, வேலி அசையவே கூடாது என்று சங்கங்கள் பிடிவாதம் பிடிப்பதும் பொருத்தமற்றது. விசேட பயிற்சியும் அனுபவமும் தேவைப்படும் பணிகளுக்காக மூப்பு வரிசையிலிருந்து விலகக் கலிபோர்னியச் சட்டமே இடமளிக்கின்றது. ஆண்டுதோறும் பாதி ஆசிரியரை இழக்கும் அபாயத்திலுள்ள பாடசாலைகளுக்கு அதனைத் தெளிவான வரையறைகளுடன் பயன்படுத்துவது எவரது உரிமையையும் பறிப்பதாகாது. அதற்கு ஈடாக மீள அழைக்கும் உரிமை வலுப்படுத்தப்பட வேண்டும். பட்டியல் பகிரங்கமாக இருத்தல், பாடசாலையின் நிர்வாகம் கைமாறினாலும் அது செல்லுபடியாதல், புதியவரை நியமிக்குமுன் பட்டியலிலுள்ளோருக்கு எழுத்தில் அறிவித்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. தமது தவறின்றி வெளியே அனுப்பப்பட்டவரிடம் மீண்டும் அழைப்போம் எனக் கூறிய வாக்கை அரசு காப்பாற்றுமாயின், நெருக்கடிக் காலத்தில் விட்டுக்கொடுப்பைக் கோரும் தார்மீகத் தகுதி அதற்குக் கிட்டும். காப்பாற்றாவிடின், தமது நியமனத் திகதியையே ஒரே கவசமாக ஆசிரியர்கள் இறுகப் பற்றிக்கொள்வதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.