சனிக்கிழமை மொக்கை - 12: கண்ணுல படுடா ராசா!

மக்களே, இங்க அமெரிக்காவுல என்கூடப் படிக்கற பையன் பைக்ல எச்4 ஹாலஜன் பல்பைக் கழட்டிட்டு எல்.ஈ.டி. மாட்டப் போறானாம். வெளிச்சம் ஜாஸ்திதான். ஆனா பழைய ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் இருக்கற இடத்துக்குன்னே செஞ்சது. பல்பு மாறினா ஒளி சிதறி எதிர்ல வர்றவருக்குக் கண்ணு கூசும்.

1981-ல வந்த ஹர்ட் அறிக்கைப்படி, குறுக்க திரும்பி இடிச்ச கார்க்காரங்க பலர் பைக்கைப் பார்க்கவே இல்ல, இல்லன்னா லேட்டாப் பார்த்தாங்க. ஒத்தை விளக்கை வெச்சு தூரம், வேகம் கணிக்கறது கஷ்டம். கீழ ரெண்டு பக்கமும் சின்ன விளக்கு போட்டு முக்கோணமாக்கினா சுலபம். பகல்லயும் எரியணும். இந்தியாவுல 2017 ஏப்ரல்லேர்ந்து புது டூவீலர்ல ஹெட்லைட் தானாவே எரியுது.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் போட ஆளு இருக்கணும்ல? ஸ்டைல் அப்புறம். என்ன சொல்றீங்க?