நாலடித் தொட்டியில் திருக்கையா?

சேலத்தில் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் நன்னீர்த் திருக்கைக்கு வக்காலத்து வாங்குகிறார். "இது சின்ன ரகம், தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும். அதன் ஊரான அமேசானும் வெப்பப் பகுதி, நம் ஊரும் வெப்பப் பகுதி. பெரிதானால் மேட்டூர் அணையில் விட்டுவிடலாம்" என்கிறார். முதல் இரண்டும் அறியாமை. மூன்றாவதை மன்னிக்க முடியாது.

கடைத் தொட்டியில் உள்ளங்கை அகலத்தில் கிடப்பது பிறந்து கொஞ்ச காலமே ஆன குட்டி. மொட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கை இனத்தின் உடல் அரை மீட்டர் அகலம் வரை விரியும். நம் வீடுகளில் இருக்கும் நாலடித் தொட்டிக்கு அகலம் ஒன்றரை அடி. அதற்குள் அந்த மீன் திரும்பக்கூட முடியாது. தொட்டிக்குத் தக்கபடி வளர்ந்ததாக நண்பர் பெருமைப்படும் மீன், தன் கழிவின் அம்மோனியாவிலேயே கிடந்து வளர்ச்சி முடங்கிய மீன். அந்த அம்மோனியாவை முறிப்பவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள். சில மணி நேரம் கரண்ட் போனால் ஆக்சிஜன் இல்லாமல் அவையும் சாகத் தொடங்கும்.

வெப்பத்தை ஒப்பிட்டவர் தண்ணீரை ஒப்பிடவில்லை. அமேசானின் கிளையாறுகள் பலவற்றில் ஓடுவது மிக மென்மையான நீர். நாமக்கல் பக்கத்து போர் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின். சித்திரை வெயிலில் தொட்டி சூடேறினால், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைந்துவிடும்.

இனி மேட்டூர். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் இதே மொட்டோரோ இன்று இனம்பெருக்கி வாழ்கிறது. அது அந்த நாட்டு மீனே அல்ல. திருக்கை முட்டையிடாது, குட்டி போடும். சினையாக ஒன்றை விட்டாலும் போதும். டேங்க் கிளீனர் மீனை வளர்த்து அலுத்தவர்கள் கொண்டுபோய் விட்டதன் பலனைத் தமிழ்நாட்டு ஏரிகளில் வலை வீசுகிறவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். காவிரி ஆற்றுப்படுகைக்கே உரிய ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீரை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-ல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. அந்த ஆற்றில் இன்னொரு வேற்றுநாட்டு வேட்டை மீனையா விடுவது?

திருக்கை ஆழமில்லாத இடத்தில் மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். மிதித்தால் வாலைச் சுழற்றும். அதிலுள்ள ரம்பப் பல் முள்ளில் நஞ்சு உண்டு. காவிரிக்கரைப் பூலாம்பட்டியில் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிப் பரிசல் தள்ளும் மீனவரின் பாதத்தில் அது ஏறினால், அவர் படுத்துக் கிடக்கும் நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது? நண்பரின் வாதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.