கிளட்ச் மிதிக்காத கார்

இடது முழங்காலில் வலி வந்துவிட்டவர்கள் கிளட்ச் இல்லாத சின்னக் கார் தேடுவது நியாயம்தான். ஆனால், பிராவிடண்ட் பண்டுப் பணத்தைப் போட்டு வாங்குகிறவர், "ஆட்டோமாட்டிக்" என்ற ஒரே பெயருக்குள் பல ரகங்கள் இருப்பதை அறிய வேண்டாமா?

இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவுடன் வந்தது ஏ.எம்.டி. விலை மலிவு, பெட்ரோலும் மிச்சம். உள்ளே இருப்பதோ பழைய கியர்ப் பெட்டியேதான்! காலுக்குப் பதில் ஒரு கருவி கிளட்சை இயக்குகிறது. ஆகவே தட்டு தேயத்தான் செய்யும். மேம்பால ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் அதைத் தாங்களே எரிக்கிறார்கள்.

எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ரகத்தில் இந்தத் தேய்மானம் இல்லை. பெட்ரோல் சற்றுக் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். பட்டையில் ஓடும் சி.வி.டி.யும் நெரிசலுக்கு இதமானது. அது புதுமையுமல்ல, 1958-லேயே ஹாலந்து நாட்டு டாஃப் கார் ரப்பர்ப் பட்டையில் ஓடியது. இரண்டுக்கும் உரிய எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

தினமும் நெரிசலில் ஊர்கிறவர் கூடுதல் பணம் கொடுத்து இவற்றில் ஒன்றை வாங்குவதே மேல். ஏ.எம்.டி.தான் கட்டுப்படியாகும் என்றால், வாங்குமுன் மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்க்கட்டும். ஷோரூம்காரர் சமதரையில்தான் ஓட்டிக் காட்டுவார்!