செத்தவனுக்குப் பசு, இருப்பவனுக்கு?

ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே, ஐஸ்லாந்து முதலிய நாட்டார்க்கு முற்காலத்தில் ஹெல் என்றொரு சாவுத் தேவதை இருந்தாள். பாதி உடம்பு மனித நிறம், பாதி கருநீலம். யுத்தத்தில் வெட்டுண்டு செத்தவனுக்கு ஓடின் கடவுளின் மண்டபத்தில் கறியும் மதுவும் கிடைக்குமாம். நோயிலும் மூப்பிலும் செத்தவனுக்கு ஹெல்லின் வீடுதானாம். அங்கே அவள் தட்டுக்குப் பெயர் பசி. கத்திக்குப் பெயர் பஞ்சம். சண்டைக்காரர்கள் கட்டிய பரலோகம் சண்டைக்காரனுக்கே விருந்து வைத்ததில் ஆச்சரியமென்ன?

நம் நாட்டுப் பரலோகமோ புரோகிதர் கட்டியது. ஆகவேதான் வைதரணி ஆற்றைக் கடக்கப் பசு தானம் வேண்டுமென்று கருட புராணம் விதிக்கிறது. அந்தப் பசு எமலோகம் போகிறதா, புரோகிதர் கொட்டிலுக்குப் போகிறதா என்று கேட்கின்றோம்.

திருப்பூரை அடுத்த அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடியவுடன் காலன் திருப்பிக் கொடுத்தானாம். அதுவும் இடையில் கழிந்த வருஷங்களின் வளர்ச்சியோடு! பூணூல் போடும் வயதில் திரும்பிய அப்பிள்ளை எந்த வகுப்பென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வைசூரியிலும் காலராவிலும் மாண்ட நெசவாளி, குடியானவன், அருந்ததியன் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றையாவது எந்தக் காலன் திருப்பிக் கொடுத்தான்? வைசூரியை ஒழித்தது பதிகமல்ல, அம்மை குத்துதல். 1975க்குப் பின் இந்தியாவில் அது பரவவில்லை. 1980இல் உலகிலேயே ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது.

நிற்க. சுமார் 1000ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து கிறிஸ்தவ மதத்தை ஏற்றது. ஹெல்லுக்கு உத்தியோகம் போயிற்று. அதனால் சாவு நின்றதா? இல்லை. சரி, நரகமாவது ஒழிந்ததா? அதுவுமில்லை. நரகத்துக்கு இங்கிலீஷில் வழங்கும் சொல்லும் அவள் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. கடை கைமாறிற்றேயொழிய மூடப்படவில்லை! இன்று அந்நாட்டார் சராசரி 80 வயதுக்கு மேல் வாழ்வது எந்தத் தேவதையின் தயவிலுமல்ல. நல்ல தண்ணீராலும் உணவாலும் வைத்தியத்தாலுமே.

பனியன் கம்பெனித் தோழர்களே! ஒன்றரை ஷிப்ட் நின்று, பஞ்சுத் தூசியை மூச்சோடு விழுங்கி இருமுகிறவனுக்கு வைத்தியம் பார்க்கக் கையில் காசில்லை. அவன் செத்தால் கருமாதிக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். பசியும் பஞ்சமும் குடியிருக்கும் இடமே நரகமென்று அந்த வடநாட்டுக் கதைக்காரனுக்காவது தெரிந்திருந்தது. அந்த நரகத்தைக் கடக்கப் பசு வேண்டாம். போதிய கூலியும் காலத்தில் வைத்தியமுமே வேண்டும்.